இராவணன் மீசையும் கடற்கரைக் கணக்கும்

தமிழகத்தில் கடலரிப்பு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் மூன்று தீர்வுகள் முன்வைக்கப்படுகின்றன. கருங்கல் தடுப்புச்சுவர், தூண்டில் வளைவு, சவுக்குத் தோப்பு ஆகியவையே அவை. மூன்றுக்கும் திட்ட மதிப்பீடு உண்டு, ஒப்பந்தப்புள்ளி உண்டு, நிதியாண்டு முடிவில் எட்டப்பட்ட இலக்கு என்று காட்ட ஓர் எண்ணும் உண்டு. இம்மூன்றுக்கும் நெடுங்காலம் முன்பிருந்தே கரையைக் காத்துவரும் ஒரு புல்லுக்கு இவற்றில் எதுவும் இல்லை. மீனவ மக்கள் அதை இராவணன் மீசை என்று அழைக்கின்றனர்.

ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியக் கடற்கரைகளில் இயற்கையாக வளர்வது. தனுஷ்கோடி, கோடியக்கரை, பழவேற்காடு என மனிதக் கை அதிகம் படாத மணற்பரப்புகளில் இன்றும் இதைக் காணலாம். விறைத்த, நுனி கூர்ந்த இலைகள் காலில் குத்தும். ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனி. பெண் செடியின் விதைத்தலை முள் உருண்டையாக முதிர்ந்து, செடியிலிருந்து கழன்று, காற்றில் உருண்டோடி, ஈரமும் மணலும் வாய்த்த இடத்தில் தங்கி விதையை உதிர்க்கிறது. கடற்கரைக் கிராமங்களில் வளர்ந்தவர்கள் அந்த உருண்டையைத் துரத்தி விளையாடியிருப்பார்கள்.

சந்தையின் கண்கொண்டு பார்த்தால் இப்புல்லுக்கு மதிப்பு ஏதுமில்லை. முதிர்ந்த இலையைக் கால்நடைகள் விரும்புவதில்லை. கோரையைப் போலப் பாய் முடையவோ, வெட்டிவேரைப் போல வாசனைத் தைலம் எடுக்கவோ இதை யாரும் பயிரிடுவதில்லை. விற்க முடியாத ஒன்றைப் பயனற்றது என்று கருதுவது நம் நிர்வாகத்தின் இயல்பு. அந்தக் கருத்து இந்தப் புல்லின் விஷயத்தில் எவ்வளவு செலவு மிக்கது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இப்புல் செய்யும் வேலையைப் பார்ப்போம். கடற்காற்றில் பறக்கும் மணலின் பெரும்பகுதி நம் முழங்கால் உயரத்துக்குக் கீழேயே, துள்ளித் துள்ளி நகர்கிறது. அந்த உயரத்தில் காற்றின் வேகத்தைக் குறைத்தால் போதும், மணல் அங்கேயே விழுந்துவிடும். இராவணன் மீசை இதைத்தான் செய்கிறது. அதன் ஓடுதண்டுகள் மணலின்மேல் பல மீட்டர் தூரம் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விடுகின்றன. மணல் மூடினால் பெரும்பாலான செடிகள் மடியும். இப்புல்லோ மணல் மூட மூட மேலெழுந்து வளரும். புல் மணலைப் பிடிக்கிறது. பிடித்த மணலின்மேல் மீண்டும் புல் வளர்கிறது. இப்படித்தான் கடலோரத்தின் முதல் மணல்மேடு உருவாகிறது. ஆட்டுக்குளம்பு போன்ற இலையுடைய அடப்பங்கொடி இதன் உற்ற துணை. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் அடும்பு என்ற பெயரில் படர்ந்திருப்பதும் இக்கொடிதான்.

அந்த மணல்மேட்டை ஒரு வைப்புத்தொகைக்கு ஒப்பிடலாம். புயல் காலத்தில் அலைகள் மேட்டின் அடியை அரித்து, மணலைக் கடலுக்குள் இழுத்துச் செல்கின்றன. அந்த மணல் கரைக்குச் சற்று அப்பால் ஒரு திட்டாகப் படிந்து, பின்வரும் பேரலைகளை முன்கூட்டியே உடையச் செய்கிறது. புயல் ஓய்ந்தபின், அமைதியான அலைகள் அம்மணலைச் சிறிது சிறிதாகக் கரைக்குத் திருப்பித் தருகின்றன. காற்று அதை மேலே கொண்டுவர, புல் மறுபடியும் பிடித்துக்கொள்கிறது. நெருக்கடியில் எடுத்து, நல்ல நாள்களில் திரும்பச் செலுத்தும் இருப்பு இது. மேட்டைச் சமன்செய்து சுவர் எழுப்புவது, அந்த இருப்பைக் கரைத்துவிட்டுக் கடன் வாங்குவதற்கு ஒப்பாகும். சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் அடிமணலை அரிக்கும்; சுவர் முடியும் இடத்தில் அடுத்த ஊரின் கரையும் அரிக்கப்படும்; அங்கும் சுவர் கேட்பார்கள்.

மணல்மேட்டின் இரண்டாவது பயன் நன்னீர். மழைநீர் மணலில் எளிதில் இறங்கி, அடியிலுள்ள அடர்த்தி மிகுந்த உப்புநீரின்மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படை விதி. அதே விதியின்படி மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழே உப்பு 40 மீட்டர் மேலேறும். கடலுக்கு மிக அருகில் தோண்டிய கிணற்றில் இனிக்கும் நீர் கிடைப்பதன் காரணம் இதுவே. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டம் (2008), திருவான்மியூருக்குத் தெற்கேயுள்ள கடலோர மணற்பகுதியை நீர்செறிவுப் பகுதியாகக் குறித்துக் கட்டுமானங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு விதித்ததும் இதனால்தான்.

கடலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உள்ளே, ஆவடியிலோ அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ வசிக்கும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நம் பகுதிக்கு வடக்கே, ஆரணியாறு - கொசஸ்தலையாறு வடிநிலத்தின் நிலத்தடி நீரை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் கிணற்று வயல்களிலிருந்து பல பத்தாண்டுகள் சென்னைக்குத் தண்ணீர் எடுக்கப்பட்டது. ஊறும் அளவைவிட உறிஞ்சும் அளவு மிகுந்தபோது மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. விளைநிலங்களின் கிணறுகள் உவர்த்தன. பின்னர் அதே மீஞ்சூருக்கு அருகே, காட்டுப்பள்ளியில், 2010-ஆம் ஆண்டு நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தொடங்கப்பட்டது. மணலுக்கடியில் இயற்கை இலவசமாகப் பிரித்துவைத்திருந்த நன்னீரை இழந்த பகுதியில், உப்பைப் பிரிக்க மின்சாரத்துக்கு விலை கொடுக்கிறோம். மீஞ்சூரின் உவர்ப்புக்கு முதற்காரணம் அளவுமீறிய நீரெடுப்பே. புல் அழிந்தது அன்று. ஆனால் பாடம் ஒன்றுதான். கணக்கில் வராத இயற்கைச் சொத்தை இழந்தபின், அதற்கு ஈடான செயற்கை ஏற்பாடு மட்டும் பெருந்தொகையுடன் கணக்கில் ஏறுகிறது. அந்தச் செலவைக் கடற்கரைவாசி மட்டும் ஏற்பதில்லை. குடிநீர்க் கட்டணமும் வரியும் செலுத்தும் ஒவ்வொருவரும் ஏற்கிறோம்.

பொருளியலில் இதற்கு மாற்றுச் செலவு மதிப்பீடு என்று பெயர். ஒரு பொருளுக்குச் சந்தை விலை இல்லாதபோது, அது செய்யும் பணியை வேறு வழியில் செய்துகொள்ள எவ்வளவு செலவாகும் என்று கேட்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் மணல்மேட்டின் மதிப்பு, அந்தக் கிலோமீட்டருக்குக் கருங்கல் கொட்டி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைச் செப்பனிட்டு, இழந்த நன்னீருக்கு மாற்றும் தேடும் மொத்தச் செலவுக்குக் குறையாது. புல் தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்வதால் பராமரிப்புச் செலவும் மிகக் குறைவு.

இந்தக் கணக்கை ஸ்காட்லாந்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டது. அங்குள்ள கடலோர மக்கள் மணல்மேட்டுப் புல்லைப் பிடுங்கிக் கூரை வேய்ந்தனர். 1694-இல் வீசிய புயலில் கல்பின் என்ற செழிப்பான பண்ணை நிலப்பரப்பு மணலில் புதைந்தது. அடுத்த ஆண்டே, 1695-இல், மணற்குன்றுகளின் புல்லையும் புதரையும் பிடுங்குவதைத் தடைசெய்து ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. புல்லைப் பிடுங்கியவருக்குக் கிடைத்தது ஒரு கூரை. இழப்பு விழுந்தது அடுத்தவரின் நிலத்தில். ஒருவரின் செயலால் விளையும் செலவை வேறொருவர் சுமக்கும் இத்தகைய நிலைமையில் சந்தை தானாகத் திருத்திக்கொள்ளாது. விதி தேவை என்பதை அந்நாட்டினர் உணர்ந்தனர்.

நம்மிடமும் விதி இருக்கிறது. 1991-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே, அழகுபடுத்துவதற்காகவும் பொழுதுபோக்குக்காகவும் மணல்மேடுகளை மாற்றியமைப்பதைத் தடைசெய்தது. 2011-ஆம் ஆண்டு அறிவிக்கையும், இப்போது நடைமுறையிலுள்ள 2019-ஆம் ஆண்டு அறிவிக்கையும் மணல்மேடுகளைச் சூழலியல் முக்கியத்துவம் மிக்க முதல் வகை மண்டலத்தில் வைத்துள்ளன. சதுப்புநிலக் காடும் பவளப்பாறையும் இடம்பெற்றுள்ள அதே வகை அது. இருந்தும் மணல்மேடு காக்கப்படுவதில்லை. காரணம் எளிது. காட்டுக்கு எல்லைக்கல் உண்டு. ஏரிக்கு வருவாய்த் துறைப் பதிவேட்டில் புல எண்ணும் பரப்பும் உண்டு. மணல்மேடோ பதிவேட்டில் பெரும்பாலும் புறம்போக்காகவோ தரிசாகவோ மட்டுமே இருக்கிறது. ஓரிரு நாள்களில் ஓர் இயந்திரம் அதைச் சமன்செய்துவிட்டால், அங்கு மேடு இருந்தது என்பதற்கே சான்று இல்லை.

அதைவிட வருத்தத்துக்குரியது, கரையைக் காப்பதாக எண்ணி நாமே மேட்டை அழித்த வரலாறு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழகம் ஏறத்தாழ 8,000 உயிர்களை இழந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் கடலோரம் முழுவதும் உயிர்வேலி அமைக்கும் முனைப்பில் உலக வங்கிக் கடனுதவியுடன் பெருமளவில் சவுக்கு நடப்பட்டது. சவுக்கு நடுவதற்காகச் சில இடங்களில் மணல்மேடுகளே சமன்படுத்தப்பட்டன என்பதைக் கடலோரச் சூழலியல் ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். சவுக்கின் நிழலிலும் உதிர்ந்த சருகிலும் இராவணன் மீசையும் அடப்பங்கொடியும் வளர்வதில்லை. அலையோரம் வரை நெருக்கி நடப்பட்ட தோப்புகள், பங்குனி ஆமைகள் முட்டையிடும் திறந்த மணற்பரப்பையும் குறைத்தன.

சவுக்கின்மீது எனக்குப் பகையில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகாக இக்கரையில் பரவிய அம்மரம், இன்று கடலூர், விழுப்புரம் மாவட்டச் சிறு விவசாயிகளுக்கு நம்பகமான வருமானம். மேட்டுக்குப் பின்னால், உள்நிலத்தில் அது காற்றைத் தடுக்கவும் செய்யும். முதல் மணல்மேட்டின்மீது நடுவதுதான் தவறு. அங்கு ஏற்கெனவே ஒரு காவலர் பணியில் இருக்கிறார். அவரை நீக்கிவிட்டு அந்தப் பணிக்குப் பழகாத ஒருவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்துகிறோம்.

ஆழிப்பேரலைக்குப் பின் அறிவியலாளரிடையே ஒரு விவாதம் நடந்தது. கரையோர ஊர்களைக் காத்தது தாவரங்களா அல்லது அந்த ஊர்கள் இருந்த உயரமும் கடலிலிருந்து அவற்றின் தொலைவுமா என்பதே கேள்வி. தாவரங்களின் பங்கு மிகைப்படுத்தப்பட்டது என்று வாதிட்டவர்களின் தரப்பில் நியாயம் உண்டு; எந்தப் புல்லும் ஆழிப்பேரலையை நிறுத்திவிடாது. ஆனால் மணல்மேட்டைப் பொறுத்தவரை இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. அங்கே உயரம் என்பதே புல் சேர்த்துவைத்தது.

இப்புல்லைச் சர்வரோக நிவாரணியாகக் காட்டுவதும் பிழையே. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் மதிப்பீட்டின்படி, 1990 முதல் 2018 வரை இந்தியக் கடற்கரையில் 33.6 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியுள்ளது. தமிழகத்தில் அது 42.7 விழுக்காடு. இதன் காரணங்களில் முக்கியமானவை துறைமுகங்களும் அலைதடுப்புச் சுவர்களும். நம் கரையோரம் மணலின் நிகர ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் அந்த ஓட்டத்தைத் தடுத்தபோது தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் கரை தேய்ந்தது. அணைகளும் ஆற்றுமணல் கொள்ளையும் கடலுக்கு வந்துசேரும் மணலையே குறைத்துவிட்டன. மணல் வரத்து நின்ற கரையில் புல் மட்டும் அதிசயம் நிகழ்த்தாது. மணல் இன்னும் வந்துசேரும், மேடு இன்னும் எஞ்சியிருக்கும் கரைகளில்தான் இதன் பயன் முழுமையாகக் கிட்டும். ஆகவே, எஞ்சியிருப்பதைக் காப்பதே அவசரமான பணி.

எஞ்சியிருப்பதற்கு இன்று புதிய அச்சுறுத்தல் அழகுபடுத்தல் என்ற பெயரில் வருகிறது. சுத்தமான கடற்கரை என்றால் புல்பூண்டற்ற, சீவி வாரப்பட்ட மணல்வெளி என்ற எண்ணம் நம் மனத்தில் பதிந்துவிட்டது. கோவளம் 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றதில் மகிழ்ச்சியே. குப்பையில்லாக் கரையும் கழிப்பறையும் மக்களுக்கு வேண்டியவை. ஆனால் நெகிழிக் குப்பையையும் இராவணன் மீசையையும் ஒரே இயந்திரம் ஒரே பார்வையில் வாரிச் செல்லக்கூடாது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இப்புல்லின் நெருங்கிய உறவான மற்றொரு ஸ்பினிஃபெக்ஸ் இனத்தை உள்ளூர் மக்களே நட்டு, வேலியிட்டு, நடந்துசெல்லத் தனிப்பாதை அமைத்துக் காக்கின்றனர். சுற்றுலாவும் நடக்கிறது, புல்லும் வளர்கிறது.

வெற்றிடம் என்று கருதி ஒரு நிலத்தின் பணியை மறந்ததன் விளைவு மேற்குப் புறநகர்க்காரர்களான நமக்குப் புதிதல்ல. முகப்பேரில் ஏரித் திட்டம் என்ற பெயர் முகவரியில் இருக்கிறது, ஏரி இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் கொரட்டூர், ஆவடிப் பகுதிகளிலும் தேங்கிய வெள்ளம், நீர் தன் பழைய இடங்களைத் தேடி வந்ததே. ஏரிகளாவது பதிவேட்டில் இருந்ததால், நீதிமன்றத்துக்குச் செல்லவும் சிலவற்றை மீட்கவும் முடிந்தது. மணல்மேடுகளுக்கு அந்தப் பிடிமானமும் இல்லை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. உலக வங்கியின் ஆதரவுடன் தமிழக அரசு முன்னெடுக்கும் நெய்தல் மீட்சி இயக்கம் அதற்கு நல்ல வாய்ப்பு.

முதலாவதாக, கடலோர மாவட்டங்களில் எஞ்சியுள்ள மணல்மேடுகளை அளந்து, புல எண்ணுடன் வருவாய்ப் பதிவேட்டில் மணல்மேடு என்றே பதிய வேண்டும். தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையம் சென்னையிலேயே, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இயங்குகிறது, தொழில்நுட்பத்துக்குக் குறைவில்லை. கடலோர மண்டல வரைபடத்தில் ஒரு கோடாக இருப்பது போதாது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் தெரியும் பதிவாக அது மாற வேண்டும்.

இரண்டாவதாக, உயிர்வேலித் திட்டங்களின் விதிமுறையில் முதல் மணல்மேட்டில் மரம் நடுவதற்குத் தடை வேண்டும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை இலக்காக வைக்கும்வரை, வெற்றிடம் தேடி நடுவதற்கான ஊக்கமே அலுவலர்களுக்கு இருக்கும். காக்கப்பட்ட மேட்டின் நீளமும் உயரமும் இலக்காகட்டும். பல இடங்களில் புதிதாக நடவேண்டிய தேவைகூட இல்லை. வாகனமும் இயந்திரமும் நுழையாமல் வேலியிட்டால் புல் தானே திரும்பும்.

மூன்றாவதாக, இப்பொறுப்பில் மீனவ ஊர்களுக்கு உரிய இடம் தரவேண்டும். பொதுச்சொத்துகளை அரசோ தனியாரோ மட்டுமே காக்க முடியும் என்ற கருத்தை மறுத்து, பயன்படுத்தும் சமூகங்களே விதி வகுத்துக் காத்த சான்றுகளைத் திரட்டியதற்காக எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். நம் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் அத்தகைய அமைப்புகளே. மணல்மேட்டுப் பாதுகாப்பு என்பது படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் அவர்களுக்குள்ள இடத்தைப் பறிக்கும் சாக்காகிவிடக்கூடாது. குடிசைக்கு ஒரு சட்டம், விருந்தினர் மாளிகைக்கு வேறு சட்டம் என்று ஆனால் யாரும் அந்தச் சட்டத்தை மதிக்கமாட்டார்கள். வேலியமைத்தல், நாற்று வளர்த்தல், கண்காணித்தல் ஆகியவற்றுக்கு ஊதியம் அளித்து அவர்களையே பங்காளிகளாக்குவது, கல் கொட்டுவதைவிட மலிவு. அந்தப் பணமும் ஊரிலேயே தங்கும்.

நான்காவதாக, கணக்கு. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2018 முதல் சுற்றுச்சூழல் கணக்குகளை வெளியிட்டுவருகிறது. ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2021-இல் சூழல் அமைப்புகளுக்கான கணக்கியல் முறையை ஏற்றுக்கொண்டது. தமிழக அரசு அம்முறையில் மணல்மேடுகளின் இருப்பையும் தேய்வையும் ஆண்டுதோறும் வெளியிடலாம். ஒவ்வொரு தடுப்புச்சுவர்த் திட்ட அறிக்கையிலும், அந்த இடத்தில் மணல்மேட்டை மீட்பதற்கான செலவை ஒப்பிட்டுக் காட்டுவதைக் கட்டாயமாக்கலாம். ஒப்பீட்டுக்குப் பின்னும் சுவர்தான் தேவை என்றால் கட்டட்டும். ஒப்பிடாமல் கட்டுவதைத்தான் நிறுத்த வேண்டும்.

மணல்மேட்டுப் புல்லுக்காக வாதாட ஒப்பந்ததாரர் இல்லை. அதை விற்கும் வணிகர் இல்லை. அதனால் காக்கப்படுவோர் பலரும் அதைப் பார்த்ததே இல்லை. இத்தகைய பொருளுக்காகப் பேசும் கடமை குடிமக்களுடையது. அடுத்த முறை நம் வரிப்பணத்தில் ஒரு கடற்கரைக்குத் தடுப்புச்சுவர் அறிவிக்கப்படும்போது, அங்கே முன்பு மணல்மேடு இருந்ததா, அதைச் சமன்செய்தது யார், யாருடைய அனுமதியுடன் என்ற கேள்விகளை ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும்கூட நாம் கேட்கலாம்.